கீரைப்பாத்தியை அள்ளிக்கொண்டு போன வாய்க்கால்

கேள்வி:

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். கணவர் கட்டாரில் வேலை. வீட்டில் நானும் என் அம்மாவும் மூன்று பிள்ளைகளும். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 9, எங்களோடு இருக்கும் அண்ணனின் மகனுக்கு 7. மார்கழி விடுமுறை விட்டு இரண்டு கிழமைக்குள் இவர்கள் செய்த வேலைகளைக் கேளுங்கள்.

கடைப் பையில் நூல் கட்டி, கோழிக்குஞ்சைத் தொங்கவிட்டு, கட்டி முடியாத மேல்மாடியில் இருந்து இறக்கினார்கள். மகள் அடிமட்டம் வைத்து அளந்து நூல் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். குஞ்சு தப்பியது, ஒரு நாள் முழுக்க நொண்டியது. சோடாப் போத்தலுக்குள் வினாகிரியும் அப்பச்சோடாவும் போட்டு மூடிக் குலுக்கினார்கள்; மூடி பறந்து சீலிங்கில் அடித்தது. பெத்தாவின், அதாவது என் அம்மாவின், அறை வாசலில் தங்கூசி (நைலோன் இழை) கட்டி, அதில் தகரப் பேணிகளைத் தொடுத்து, அவர் எழும்பி வரும்போது எல்லாம் கலகலவென்று விழ வைத்தார்கள். கடைசியாக, வளவில் நின்ற வெள்ளத்தை வடிய விடுகிறோம் என்று வேலிக்குக் கீழே ஒரு விரல் அகலத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். விடியப் பார்த்தால் அது ஒரு முழ அகலம். பக்கத்து வீட்டு அக்காவின் முளைக்கீரைப் பாத்தியில் பாதியைக் காணோம்.

ஏன் என்று கேட்டால் “சும்மா இருக்க அலுப்படிக்குது” என்பதுதான் மூன்று பேரின் பதிலும். அடிக்க மனமில்லை. போனைக் கொடுத்தால் மட்டும் சத்தமில்லை. மகன் சரியான துடியாட்டம், டொக்டரிடம் காட்டு என்கிறார்கள் சொந்தக்காரர். நான் என்ன செய்வது?

பதில்: ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகர்

அன்புச் சகோதரி,

முதலில் அந்த வாய்க்காலைப் பார்ப்போம். ஒரு விரல் அகலம் ஒரு முழமானது எப்படி என்பதற்கு விடை நம்முடைய மட்டக்களப்பு வாவியிலேயே இருக்கிறது. மாரியில் வாவி நிரம்பி, அதன் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் வெள்ளம் ஏறும்போது, முகத்துவாரத்தில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டை வெட்டி விடுவார்கள். வெட்டுவது ஒடுங்கிய வாய்தான். ஓடும் தண்ணீர் இரு பக்கத்து மணலையும் அரித்துக்கொண்டு போக, வாய் அகலும். வாய் அகல, இன்னும் கூடத் தண்ணீர் பாயும். பாயும் தண்ணீர் கூடக் கூட அரிப்பும் கூடும். மனிதர் தொடங்கி வைப்பதைத் தண்ணீர் தானே பெருக்கிக்கொள்கிறது. உங்கள் வளவில் நடந்ததும் இதுவே. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள நம் எழுவான்கரை மண் கடல்மணல். ஒட்டிப் பிடிக்கும் களி அதில் இல்லை. பிள்ளைகள் பாத்தியை அழிக்க நினைத்து வெட்டவில்லை. தாங்கள் நித்திரைக்குப் போன பிறகும் தண்ணீர் வேலை செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்த நட்டம் நட்டம்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் தண்ணீரில் கை வைக்காதே என்று தடுத்துவிட்டால், இந்த விடுமுறையில் அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த மிக நல்ல பாடம் வீணாகிவிடும். வேலியில் இருந்து குறைந்தது நான்கு மீற்றர் உள்ளே, வீட்டு அத்திவாரத்தில் இருந்தும் கிணற்றில் இருந்தும் விலகி, ஒரு இடத்தைக் குறித்துக் கொடுங்கள். அங்கே அவர்கள் குளம் கட்டட்டும்.

குளக்கட்டு ஒரு சாண் உயரம் போதும். அந்த ஒரு சாணுக்கு அடிப்பக்கம் ஐந்து சாண் அகலம் வேண்டும் என்று சொல்லுங்கள். நம்ப மாட்டார்கள், சுவர் மாதிரி ஒடுக்கமாக நிமிர்த்திக் கட்டுவார்கள். கட்டட்டும், உடையட்டும். உடையும் முன் கட்டின் வெளிப்பக்க அடியில் என்ன நடக்கிறது என்று குந்தியிருந்து பார்க்கச் சொல்லுங்கள். முதலில் மணல் கறுத்து ஈரமாகும். பிறகு ஓரிடத்தில் தண்ணீர் ஊற்றுப்போலக் குமிழியிடும், குமிழியைச் சுற்றி மணல் வளையமாகச் சேரும். அதாவது தண்ணீர் உள்ளே இருந்து மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. கட்டுக்குள்ளே குழாய் போல ஒரு துவாரம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் உள்ளே அமிழும், கட்டு போய்விடும்.

பிள்ளைகள் உடனே அந்தக் குமிழியை மண்ணால் அமத்தி அடைக்கப் பார்ப்பார்கள். அடைத்தால் தண்ணீர் பக்கத்தால் வேறு வழி தேடும். சரியான வைத்தியம், அந்த இடத்தில் ஒரு பிடி தென்னந்தும்பு பரப்பி, அதன்மேல் சல்லிக்கல் பாரம் வைப்பது. தும்பு தண்ணீரை விடும், மணலை மறிக்கும். கட்டின் நடுவில் களி வைக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. படுவான்கரையில் யாராவது உறவினர் இருந்தால் அரை உரப்பை களிமண் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய பொலித்தீனை உட்பக்கச் சரிவில் விரித்து, விளிம்பை மணலில் ஒரு சாண் ஆழம் புதைத்தாலும் கசிவு குறையும்.

அடுத்தது வான், அதாவது குளம் நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் வாய். வான் வைக்காத கட்டுக்கு மேலால் தண்ணீர் ஒருமுறை வழிந்தால் போதும், வழிந்த இடமே வெட்டுவாய் ஆகிவிடும். கட்டின் ஒரு ஓரத்தை மூன்று விரல் பதித்து, அதில் வாழைமடல் பரப்பி விடட்டும். மடலுக்கு அடியால் தண்ணீர் புகாமல் மேல்முனையைப் புதைக்க வேண்டும். தண்ணீரைத் திறந்து விடும் மதகான துருசுக்குப் பப்பாசி இலைக் காம்பு நல்ல குழாய். இங்கேதான் எல்லாப் பிள்ளைகளும் தோற்பார்கள்: காம்புக்குள்ளால் வரும் தண்ணீர் சரி, காம்பின் வெளிப்பக்கத்தை ஒட்டியே கள்ளத்தனமாக ஒரு கசிவு வரும். காம்பைச் சுற்றி நடுவில் ஒரு களி வளையம், ஒரு தோசைக்கல் போல, வைத்தால் அந்தக் கசிவின் வழி மறிபடும்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்த பிறகு இங்கினியாகலையில் எழுந்து, சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளத்தைத் தாங்கி நிற்பதும் மண் அணைதான். அங்கும் பொறியியலாளர் கவலைப்படுவது இதே மூன்றுக்கும்தான்: அடியால் கசிவு, மேலால் வழிவு, குழாயை ஒட்டிய கசிவு. உன்னிச்சைக் குளம் வான் பாய்கிறது என்று செய்தியில் கேட்கும்போது மகளுக்கு அது வெறும் சொல்லாக இருக்காது.

இனி மகளைப் பற்றி. உங்கள் கடிதத்தில் குற்றவாளி மகன். ஆனால் அடிமட்டம் வைத்து நூல் அளந்தவள் யார்? அந்தக் குஞ்சு உயிர் தப்பியதற்குக் காரணமே நூல்கள் ஒரே நீளமாக இருந்ததுதான். ஒன்று குறைந்திருந்தால் பை சரிந்து காற்று ஒரு பக்கத்தால் வழிந்து, குஞ்சு கல்லாக விழுந்திருக்கும். திட்டம் போடுவது மகள், ஓடித் திரிவது மகன், நம்பிப் பின்னால் போவது மருமகன் என்றுதான் தெரிகிறது. மூன்று பேருக்கும் ஒரே ஏச்சு ஏசினால் மகளின் திறமை கவனிக்கப்படாமல் போகும். “பெண்பிள்ளை, குசினிக்குள் வா” என்று அவளை மட்டும் பிரித்தெடுப்பதும் வேண்டாம்.

குஞ்சை வைத்து விளையாடியதற்கு ஒரு பதில்தான்: உயிரில் சோதனை செய்யக் கூடாது. ஒரு தடவை, உறுதியாக, விளக்கமாகச் சொல்லுங்கள். அந்தக் குஞ்சுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்கும் பொறுப்பை விடுமுறை முடியும்வரை மகனிடம் கொடுங்கள். இதைத் தண்டனை என்று சொல்ல வேண்டாம், “உன்னை நம்பித் தாறன் மனே” என்று சொல்லிக் கொடுங்கள். மேல்மாடிக்கு ஏறும் வழியை ஒரு பலகையால் மறித்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத தட்டில், மழைப்பாசியில், ஏச்சால் மட்டும் ஒரு பிள்ளையும் நிற்காது.

பரசூட் தொடரட்டும். கடைப் பையை 40 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டி, நான்கு மூலையையும் மடித்து வெட்டி எண்கோணமாக்கினால் சதுரத்தை விட ஒழுங்காக விரியும். எட்டு நூல், ஒவ்வொன்றும் 45 சென்ரிமீற்றர். பாரத்துக்கு 25 கிராம் அளவில் ஒரு சிறு கல், துணியில் முடிந்தது. நடுவில் பத்துச் சத நாணயம் அளவுக்கு ஒரு துவாரம் வேண்டும். துவாரம் இல்லாவிட்டால் அடைபட்ட காற்று ஒருமுறை இந்தப் பக்கத்தாலும் ஒருமுறை அந்தப் பக்கத்தாலும் தப்பும், பரசூட் ஊஞ்சல் ஆடும். பாரம் குறைந்தால் விரியாது, நூல் சிக்கும். மேலே இருந்து போடத் தேவையில்லை: பையை நீளவாக்கில் மடித்து, நூலைத் தளர்வாக இரண்டு சுற்று மட்டும் சுற்றி, நிலத்தில் நின்றே மேலே எறியலாம். நான்கு சுற்றுச் சுற்றினால் அவிழும் முன் நிலத்துக்கு வந்துவிடும். பையின் பக்க அளவை இரண்டு மடங்காக்கினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பதை மகள் மணிக்கூடு பார்த்து எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். அந்தக் கணக்கை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

அது அலுத்துவிட்டால் முட்டை. பச்சை முட்டையைத் தும்பு, கடதாசி, வாழைச்சருகு என்று வீட்டில் உள்ளதால் பொதிந்து, கதிரையில் ஏறி நிற்கும் பெரியவர் கையை உயர்த்தி விடவேண்டும். முட்டையை முதலில் ஒரு பொலித்தீன் பையில் போட்டு இறுக முடிச்சுப் போடுங்கள். உடைந்தால் நேரே சட்டிக்குப் போகலாம், வீண் இல்லை. இறுக்கமாகப் பொதிந்த முட்டைதான் முதலில் உடையும். பொதி நசிந்து கொடுக்க இடம் இருக்க வேண்டும்.

போத்தல் விடயத்தில் கடுமையாக இருங்கள். வினாகிரியும் அப்பச்சோடாவும் சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வாயு வரும். மூடினால் அதற்குப் போக இடமில்லை. பிளாஸ்ரிக் போத்தலில் மூடி பறந்தது. கண்ணாடிப் போத்தலாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். சட்டம் ஒன்று: மூடி போடக் கூடாது. மூடிக்குப் பதிலாக பலூன். அரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் மூன்று மேசைக்கரண்டி வினாகிரி. பலூனைக் கையால் இரண்டு மூன்று தடவை இழுத்துத் தளர்த்தி, கடதாசிப் புனல் வைத்து ஒரு மட்டத் தேக்கரண்டி அப்பச்சோடாவை அதற்குள் இடுங்கள். புனல் ஈரமானால் மா கழுத்தில் ஒட்டிக்கொள்ளும், பாதி பேர் இங்கேதான் பிழைவிடுவார்கள். பலூனைப் போத்தல் வாயில் மாட்டிப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினால், அரை லீற்றருக்கு மேல் வாயு வந்து அது தானாக ஊதும். இரண்டு கரண்டி சோடா போட்டால் இரண்டு மடங்கு ஊதும் என்று மகன் எதிர்பார்ப்பான். ஊதாது, மிச்சச் சோடா அடியில் வெள்ளையாகக் கிடக்கும், ஏனென்றால் வினாகிரி முடிந்துவிட்டது. அந்த வெள்ளையைக் காட்டி “இப்ப எதைக் கூட்டவேணும்?” என்று மட்டும் கேளுங்கள். தேசிக்காய்ப் புளியிலும் செய்து பார்க்கலாம்.

இதோடு சேர்த்து ஒன்று. இப்படிக் கலந்து பார்க்கும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் குளோரின் தூளும் மலசலகூடம் கழுவும் அசிட்டும் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சுவாயு வரும், அடைத்த குளியலறையில் அது உயிராபத்து. இன்றைக்கே உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

தங்கூசி வேலைக்கு மன்னிப்பு வாங்க வேண்டியது உங்களிடம் அல்ல, பெத்தாவிடம். வயதானவர் கால் இடறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் என்பதை மூன்று பேரையும் அவர் முன் இருத்திச் சொல்லுங்கள். பிறகு அதே தங்கூசியையே கொடுங்கள். இரண்டு யோகட் கோப்பையின் அடியில் ஊசியால் துளைத்து, பத்து மீற்றர் தங்கூசியைக் கோர்த்து, உள்ளே ஒரு துண்டு ஈர்க்கில் முடிச்சுப் போட்டால் போன் ஆயிற்று. ஒரு முனை பெத்தாவின் கதிரையடியில், மற்றது விறாந்தையில். இழை இறுகி நிற்க வேண்டும்; தொய்ந்தாலோ கதவு நிலையில் முட்டினாலோ சத்தம் அதிலேயே நின்றுவிடும். கோப்பையை உடம்போடு பொத்திப் பிடிக்காமல் விளிம்பில் பிடிக்கவேண்டும். மழை ஈரத்தில் பருத்தி நூல் ஊறித் தொய்யும், தங்கூசிதான் சரி. விளையாடி முடிந்ததும் கழற்றிச் சுற்றிவிட வேண்டும். கழுத்து உயரத்தில் கட்டிய தங்கூசி கண்ணுக்குத் தெரியாது, அறுத்துவிடும்.

“அலுப்படிக்குது” என்று வந்தால் என்ன சொல்வது என்பதற்கு: முதல் அரை மணித்தியாலத்துக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். யோசனையும் தராதீர்கள், வேலையும் ஏவாதீர்கள். “அலுப்புத்தான் மனே, என்ன செய்யலாமெண்டு பாருங்க” என்பது போதும். அந்த அரை மணித்தியாலம் நச்சரிப்பாகத்தான் இருக்கும். பெரியவர் ஒரு விளையாட்டைக் கையில் கொடுத்துவிட்டால், அது முடிந்ததும் அடுத்ததைக் கேட்டு வருவார்கள், நாள் முழுக்க நீங்கள்தான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர்கள் தாங்களாகத் தொடங்கியது என்றால் மூன்று மணித்தியாலம் ஓடும்.

நீங்கள் செய்யவேண்டியது கையில் சாமான் கிடைக்கச் செய்வது. ஒரு பிஸ்கட் மட்டைப்பெட்டியில் ஐந்து மீற்றர் கயிறு, யோகட் கோப்பை பத்து, சைக்கிள் ரியூப் கீற்று, பழைய பத்திரிகை, ஈர்க்குக் கட்டு, உடுப்புக் கிளிப், கிழிந்த சேலை ஒன்று. ரியூப் இருந்தால் கெட்டப்போல் (கவண்) செய்வார்கள், தடுக்க முடியாது. கல்லும் கொட்டையும் கூடாது, நனைத்துப் பிழிந்த கடதாசி உருண்டை மட்டும், ஆளையோ உயிரையோ பார்த்து இழுக்கக் கூடாது என்பது விதி. ஒருமுறை மீறினால் ரியூப் பெட்டியை விட்டுப் போகும். பசைக்கு அரைக் கோப்பை கோதுமை மா, இரண்டு கோப்பை தண்ணீர். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துப் பிறகு அடுப்பில் துழாவுங்கள். இந்த ஈரக் காலநிலையில் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம், புளித்துவிடும். பூச்சி வராதென்று பழைய ஆட்கள் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் பசையில் வேண்டாம்.

மழை விட்ட நேரம் பேணிப்பந்துக்கும் கிளித்தட்டுக்கும். உள்ளே அடைபட்ட நாளுக்குக் கொக்கான், தாயம். இவற்றைப் பெத்தா என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்.

போனை முற்றாகப் பறிக்க வேண்டியதில்லை, ஆனால் அலுப்புக்கு மருந்தாக அதைக் கொடுக்காதீர்கள். நேரம் குறித்து ஒரு மணித்தியாலம், அலுத்தாலும் அலுக்காவிட்டாலும் அதே நேரம். கட்டார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால்; இங்கே இரவு 8 மணிக்கு அங்கே 5.30. கணவருக்கு அது தோதான நேரம் என்றால், அன்று செய்ததைப் பிள்ளைகளே அப்பாவுக்குக் காட்டட்டும். கட்டு ஏன் உடைந்தது என்று அவர் கேட்டால் அடுத்த நாளுக்கான வேலை அங்கேயே தொடங்கிவிடும்.

சிலவற்றில் பேச்சுக்கே இடமில்லை. வாழைக்குற்றியைக் கட்டி வாவியில் இறங்குவது: மாரியில் இழுவை பலம், வாவியில் முதலையும் உண்டு. பெரியவர் இல்லாமல் கிணற்றடி. ஈரக் கையோடு பிளக். நெருப்புப்பெட்டி மருந்தைச் சுரண்டி வெடி செய்வது. மணலில் குழி தோண்டுவதைப் பலர் ஆபத்தாக நினைப்பதில்லை. கடற்கரையிலும் வளவிலும் ஆகச் சின்னப் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் ஆழம் போகக் கூடாது, சுரங்கம் தோண்டவே கூடாது. சரிந்த மணலுக்குள் இருந்து ஒரு பிள்ளையைப் பெரியவர்கள் கூட அவசரத்தில் இழுத்தெடுக்க முடியாது. வெள்ளத்தில் விளையாடினால் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. காலில் புண் உள்ள நாளில் இறங்க வேண்டாம், மற்ற நாளில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கோப்பை, பேணி, சிரட்டை எல்லாவற்றையும் சனிக்கிழமை தோறும் கவிழ்த்து விடட்டும். டெங்கு நுளம்பு முட்டையில் இருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். மணல் குளத்துத் தண்ணீர் தானே சுவறிவிடும், பயமில்லை.

மகனை டொக்டரிடம் காட்ட வேண்டுமா? நீங்கள் எழுதியதில் அப்படி ஒரு அறிகுறியும் இல்லை. ஒரு வேலையில் மூழ்கித் தொடர்ந்து இருக்கிறான், மற்றவர்களோடு சேர்ந்து செய்கிறான், கேட்டால் ஒப்புக்கொள்கிறான். பாடசாலையிலும் வீட்டிலும் ஒரே மாதிரி, ஆறு மாதத்துக்கு மேலாக, தான் விரும்பித் தொடங்கியதைக் கூட முடிக்க முடியாமல் தவித்தால், அல்லது வேண்டுமென்றே திரும்பத் திரும்ப உயிர்களை நோகடித்தால், தீ வைத்தால், அப்போது உங்கள் பிரிவுச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள், எங்கே காட்டுவதென்று வழி சொல்வார்கள். அடிப்பதைப் பற்றி: மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த மனம் சரி. அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் செய்யும். போத்தலை மூடி மறைவில் குலுக்குவதை விட, உங்கள் கண் முன் பலூன் மாட்டிச் செய்வது நல்லது.

இனி பக்கத்து வீட்டு அக்காவின் பாத்தி. மூன்று பேரும் போய் “நாங்கதான் வெட்டினது” என்று தங்கள் வாயால் சொல்லவேண்டும். நீங்கள் வாசலில் நின்றால் போதும், அவர்களுக்காகப் பேசாதீர்கள். அரித்த பள்ளத்தை மணல் கொண்டு நிரப்பி, வேலியோரம் உரப்பையில் மணல் கட்டி அடுக்கட்டும். மேலே இரண்டு அங்குலத்துக்கு எருவும் மண்ணும் கலந்து பரப்பி, மழை இரண்டு நாள் விட்ட பிறகு விதைக்கலாம். கீரை விதை கடுகை விடச் சிறிது. ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு காய்ந்த மணல் கலந்து தூவாவிட்டால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். எறும்பு தூக்காமல் ஓரத்தில் ஒரு பிடி ரவை தூவுங்கள், அது ரவையை எடுத்துக்கொண்டு போகும். மழைத்துளி விதையைக் கிளப்பாமல் கிடுகு ஒன்றைக் கம்பில் ஏற்றிப் பந்தல் போல வைக்க வேண்டும், நிலத்தில் படுக்கப் போட்டால் முளை வெளுத்து நெடுத்துச் சாயும். நாலைந்து நாளில் முளைக்கும். அன்றைக்குக் கிடுகை எடுக்க வேண்டியது மருமகனின் பொறுப்பு என்று இப்போதே சொல்லி வையுங்கள்.